ஒட்டாத பசையும் ஒட்டிக்கொண்ட மூடியும்

(நவராத்திரிக்கு இரண்டு வாரம் முன்பு, நம் குடியிருப்பின் சமூகக் கூடத்தில் நடந்த காலாண்டுக் கூட்டத்தில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்களும் படிக்க வேண்டும் என்று பலர் கேட்டதால் முழுவதுமாக வெளியிடுகிறோம்.)



செயலாளர் சார் என்னிடம், "பாலிடெக்னிக் பட்டறையில் முப்பது வருஷம் தச்சு வேலை சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். வீட்டுக்கு உபயோகமாக ஏதாவது கால் மணி நேரம் பேசுங்கள்" என்றார். "பசையைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். லேசாகச் சிரித்தார். தண்ணீர் லாரி, பார்க்கிங், லிஃப்ட் பராமரிப்பு என்று இவ்வளவு பெரிய விஷயங்கள் இருக்கும்போது பசையா என்ற சிரிப்பு அது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் நான் சொல்லப்போவதில் ஒரு பகுதி சிரிக்கிற விஷயமில்லை. அதற்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

கொலு நெருங்குகிறது. ஒவ்வொரு வருடமும் இந்தச் சமயத்தில் என் வீட்டுக்குக் கை உடைந்த கிருஷ்ணரும், தலை கழன்ற செட்டியாரம்மாவும் வந்துவிடுவார்கள். கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "வீட்டில் பசை இருக்கிறது சார், ஆனால் காய்ந்துவிட்டது." உங்கள் வீட்டிலும் ஒரு இழுப்பறை இருக்கும். பழைய சாவி, தீர்ந்த பேட்டரி, ரப்பர் பேண்ட், அவற்றோடு நாலைந்து பசை ட்யூப். அவசரத்துக்கு எடுத்து அழுத்தினால் கல் மாதிரி இருக்கும். போன மாதம் என் வீட்டு இழுப்பறையைக் கொட்டிப் பார்த்தேன். மொத்தம் ஏழு. அதில் ஐந்து செத்துப்போனவை. முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன் வீட்டு நிலவரம் இது.

பசை ஏன் வீணாகிறது என்றால், எல்லாப் பசையையும் ஒரே மாதிரி வைக்கிறோம். மூடியைப் போட்டு இழுப்பறையில் தள்ளிவிடுகிறோம். பசைகள் எல்லாம் ஒரே மாதிரி காய்வதில்லை. ஒன்றிலிருந்து தண்ணீர் வெளியே போனால் காயும். இன்னொன்றில் தின்னர் ஆவியாகிப் போனால் காயும். மூன்றாவது வகை இதற்கு நேர் எதிர். அதற்குள் ஈரம் போனால்தான் கெட்டியாகும். நான்காவது வகையில் இரண்டு பொருள்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் இறுகும். உங்கள் கையில் இருக்கும் பசை இந்த நான்கில் எது என்று தெரிந்தால் போதும், அதை எப்படி வைப்பது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். இன்று நீங்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாலும் எனக்குத் திருப்தி.

முதல் வகை, தண்ணீர் போய்க் காய்வது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை, பள்ளிப் பிள்ளைகளின் பசைக் குச்சி, பழைய கோந்து பாட்டில் எல்லாம் இந்த வகை. வெள்ளைப் பசை என்பது தண்ணீரில் மிதக்கும் மிக நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள். மரமோ காகிதமோ அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டதும், துகள்கள் நெருங்கி ஒன்றாகி ஒரு படலமாகிவிடும். காய்ந்த படலத்தின் மேல் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது மறுபடி பசையாகாது. அதனால் தண்ணீரை உள்ளேயே பிடித்து வைப்பதுதான் வழி.

இதற்குச் சில பழக்கங்கள். ஊற்றி முடித்ததும் பாட்டிலின் மூக்கைத் துணியால் துடைத்துவிட்டு மூடுங்கள். துடைக்காமல் மூடினால் விளிம்பில் பசை காய்ந்து, மூடி சரியாக உட்காராது. அந்த இடைவெளி வழியாகத்தான் தண்ணீர் போகிறது. நெகிழும் பாட்டிலாக இருந்தால் மெல்ல அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். விலை மலிவு என்று ஒரு கிலோ டப்பா வாங்கினால், ஒரு சின்ன பாட்டிலில் வேண்டிய அளவு ஊற்றி வைத்துக்கொண்டு பெரிய டப்பாவைத் திறக்காமல் விடுங்கள். பெரிய டப்பாவில் பசையின் மேல் படியும்படி ஒரு பிளாஸ்டிக் தாளை அழுத்தி வைத்து, பிறகு மூடி போட்டால் மேலே ஆடை கட்டாது. பிரஷ்ஷை நேராக டப்பாவுக்குள் விடாதீர்கள். கிண்ணத்தில் மிஞ்சியதைத் திருப்பி ஊற்றவும் வேண்டாம். தூசியும் கிருமியும் அப்படித்தான் உள்ளே போகின்றன. புளித்த நாற்றம் அடித்தாலோ, மேலே பூஞ்சை தெரிந்தாலோ அந்தப் பசையின் கதை முடிந்தது.

கொஞ்சம் கெட்டியாகிவிட்டது, ஆனால் கட்டி தட்டவில்லை என்றால் காப்பாற்றலாம். இருபது பங்கு பசைக்கு ஒரு பங்கு தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். நன்றாகக் கலக்குங்கள். நூல் நூலாக இழுத்தாலோ, திரிந்த பால் மாதிரி இருந்தாலோ விட்டுவிடுங்கள். அதை வைத்து ஒட்டினால் பிடிப்பு இருக்காது. பிள்ளைகளின் பசைக் குச்சிக்கு ஒரே ஒரு விதி: குச்சியை உள்ளே திருகிவிட்டு, "டிக்" சத்தம் கேட்கும்வரை மூடியை அழுத்த வேண்டும். பால்கனி வெயிலிலும் நிறுத்திய காருக்குள்ளும் இந்த வகை எதையும் வைக்காதீர்கள்.

இந்த வகையில் நம் வீட்டுச் சரக்கு ஒன்றும் உண்டு, மைதாப் பசை. சுவரொட்டி ஒட்டுகிறவர்களும் பைண்டிங் செய்கிறவர்களும் காய்ச்சுவது. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். மயில்துத்தம் விஷம். வீட்டில் கொலுப்படிக்குக் காகிதம் ஒட்ட மைதாப் பசை காய்ச்சினால் துத்தம் சேர்க்காமல், அன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள். மிஞ்சியதைக் கிண்ணத்தில் மூடி ஃப்ரிட்ஜில் வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. பார்க்க அது கஞ்சி மாதிரியே இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டாம் வகை, தின்னர் போய்க் காய்வது. செருப்பு ஒட்டுவதற்கும் சன்மைக்கா ஒட்டுவதற்கும் பயன்படும் மஞ்சள் நிறப் பசை. திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் வாடை வரும். அந்த வாடைதான் அதன் உயிர். வாடை வெளியே போகப் போகப் பசை இறுகிக்கொண்டே வரும். இதைப் பெரும்பாலும் டின்னில் விற்கிறார்கள். டின்னின் விளிம்பில் ஒரு பள்ளம் இருக்கும். மூடுவதற்கு முன் அந்தப் பள்ளத்தைச் சுத்தமாகத் துடைத்து, மூடியைச் சுற்றிலும் அழுத்தி மூட வேண்டும். பள்ளத்தில் பசை நின்றால் அடுத்த முறை மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டியிருக்கும். நெம்பினால் மூடி கோணும், கோணிய மூடியில் காற்று போகும். கெட்டியாகிவிட்டால் அந்தக் கம்பெனியே சொல்கிற தின்னரை மட்டும் சேர்க்கலாம். பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

இந்த வகை எளிதில் தீப்பற்றும். இதன் ஆவி காற்றைவிடக் கனமானது, அதனால் தரையோடு பரவும். கேஸ் அடுப்புக்குக் கீழே இருக்கும் அலமாரியில் இந்த டின்னை வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள். கொலு சமயத்தில் விளக்கு எரியும் அறையில் உட்கார்ந்து இதைத் திறக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பூட்டி வையுங்கள். இதை முகர்ந்து போதைக்கு அடிமையாகும் பிள்ளைகளைப் பற்றி நாம் கேள்விப்படாதவர்கள் இல்லை.

மூன்றாம் வகை, ஈரம் பட்டால் இறுகுவது. ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை. இதன் வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். 1942-இல் அமெரிக்காவில் ஹாரி கூவர் என்ற விஞ்ஞானியின் குழு, துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தபோது இது கையில் கிடைத்தது. தொட்ட இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கியதால் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். ஒன்பது வருடம் கழித்துத்தான் ஒட்டுவதே இதன் பெருமை என்று அவருக்குப் பட்டது. 1958-இல் கடைக்கு வந்தது.

எந்தப் பொருளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஈரப்படலம் இருக்கும். அது போதும் இந்தப் பசைக்கு, சில வினாடிகளில் இறுகிவிடும். நாம் இருப்பதோ கடலுக்குப் பக்கத்தில். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் காலை நேரத்துக் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போகும். திறந்த ட்யூப் அந்தக் காற்றைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. வெள்ளைப் பசையில் ஈரம் வெளியே போகக் கூடாது, இதில் ஈரம் உள்ளே வரக் கூடாது. இரண்டையும் ஒரே இழுப்பறையில் ஒரே மாதிரி வைத்தால் எப்படி?

பிரிக்காத ட்யூப் சாதாரண அறையில் சுமார் ஒரு வருடம் தாங்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் கூடுதலாகத் தாங்கும். இது உண்மைதான். ஆனால் பிரித்த ட்யூப்பை ஃப்ரிட்ஜில் வைப்பது தப்பு. குளிர்ந்த ட்யூப்பை வெளியே எடுத்ததும், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போல அதன் மூக்கிலும் மூடிக்குள்ளும் ஈரம் படியும். ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

சிரிக்கிற விஷயமில்லை என்று சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது.

இரண்டு வருடம் முன்பு என் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. அம்மாவுக்கு அப்போது 82 வயது. தினம் நாலு வேளை சொட்டு மருந்து. அதில் ஒன்றை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஃப்ரிட்ஜ் கதவின் மேல் தட்டில் வைத்திருந்தோம். அதே தட்டில், பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பில், பிரித்த உடனடிப் பசை பாட்டில் ஒன்றையும் நான் வைத்திருந்தேன். சின்ன வெள்ளைப் பிளாஸ்டிக் பாட்டில், நீண்ட மூக்கு, திருகு மூடி. சொட்டு மருந்து பாட்டிலும் அதே உயரம், அதே வெள்ளை.

ஒரு நாள் ராத்திரி பத்து மணி இருக்கும், கரண்ட் போய்விட்டது. அம்மாவுக்குக் கடைசி வேளை மருந்து போட வேண்டும். என் மனைவி இருட்டிலேயே பழக்கப்பட்ட இடத்தில் கையை விட்டு பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். அம்மா கட்டிலில் படுத்து, தானே விரலால் கீழ் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மூடி திறக்கவில்லை. என் மனைவி திருகிப் பார்த்தாள், புடவைத் தலைப்பால் பிடித்துத் திருகிப் பார்த்தாள், வரவில்லை. "என்னங்க, இந்த மருந்து மூடி இறுகிக்கிடக்கு, கொஞ்சம் திறந்து கொடுங்க" என்று என்னிடம் நீட்டினாள். நான் செல்போன் விளக்கைப் போட்டேன்.

கையில் இருந்தது பசை.

மூடி ஏன் திறக்கவில்லை? நான் ஃப்ரிட்ஜில் வைத்ததால் மூடிக்குள் ஈரம் படிந்து, மூடியும் மூக்கும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன. நான் சரியாகப் பராமரித்திருந்தால் மூடி சுலபமாகத் திறந்திருக்கும். அறுவை சிகிச்சை செய்து பத்து நாள்கூட ஆகாத கண்ணில் ஒரு சொட்டு விழுந்திருக்கும். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. அம்மாவிடம் நாங்கள் கடைசிவரை இதைச் சொல்லவும் இல்லை.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடக்கக்கூடிய விஷயமில்லை. சொட்டு மருந்து என்று நினைத்து உடனடிப் பசையைக் கண்ணில் விட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பற்றிக் கண் மருத்துவர்கள் பல நாடுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் குடியிருப்பில் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெரியவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அதனால் என் முடிவு இது: உடனடிப் பசை, பிரித்ததோ பிரிக்காததோ, ஃப்ரிட்ஜுக்குள் போகவே வேண்டாம். ஃப்ரிட்ஜ் என்பது வாயில் போடுவதும் கண்ணில் விடுவதும் இருக்கும் இடம். ஐந்து, பத்து ரூபாய்க்குச் சின்ன ட்யூப் கிடைக்கிறது. ஒரு தடவைக்கு ஒன்று என்று வாங்கினாலே போதும். ஆறு மாதம் கூடுதலாக வைத்திருந்து மிச்சம் பிடிக்கப்போவது அந்தப் பத்து ரூபாய்தான்.

பிரித்த ட்யூப்பை வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். ஒட்டி முடித்ததும் ட்யூப்பை நிமிர்த்திப் பிடித்து, அடிப்பகுதியை மேஜையில் இரண்டு தட்டு தட்டுங்கள். மூக்கில் நிற்கும் பசை கீழே இறங்கிவிடும். மூக்கை உலர்ந்த காகிதத்தால் துடையுங்கள். ஈரத்துணி கூடாது, பஞ்சும் கூடாது. இந்தப் பசை நிறையப் பட்டால் பஞ்சும் பருத்தித் துணியும் சூடாகிப் புகையும், தோலைச் சுடும். மூடியைப் போட்டு, இறுக்கமான மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் நிற்க வையுங்கள். ஷூ பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வருமே, சிலிக்கா ஜெல் பொட்டலம், அதில் இரண்டு மூன்று உள்ளே போடுங்கள். உப்பு டப்பாவில் போடுகிற மாதிரி அரிசி போடலாமா என்று கேட்பீர்கள். அரிசி கொஞ்சம்தான் ஈரம் இழுக்கும், இந்த வேலைக்குப் போதாது.

பாத்ரூம், சமையலறைக் குழாய்களில் விளிம்பு பூசும் சிலிக்கானும் ஈரத்தால் இறுகும் வகைதான். ட்யூப்பில் பாதி மிஞ்சினால், மூக்கிலிருந்து கொஞ்சம் வெளியே பிதுங்கும்படி விட்டுவிடுங்கள். அந்த நுனி இறுகி ஒரு கார்க் மாதிரி ஆகிவிடும், உள்ளே இருப்பது பிழைக்கும். அடுத்த முறை அந்த நுனியை இழுத்தால் வந்துவிடும். வராவிட்டால் ஒரு நீள ஸ்க்ரூவைத் திருகிச் செலுத்தி இழுங்கள்.

நான்காம் வகை, இரண்டு சேர்ந்தால் இறுகுவது. அரால்டைட் மாதிரி இரட்டை ட்யூப், எம்-சீல் மாதிரி இரட்டை உருண்டை. தனித்தனியாக இருக்கும்வரை இவை நீண்ட நாள் தாங்கும். மற்ற பசைகளைப் போல இவற்றைக் கெடுப்பது காற்று அல்ல, நம் அவசரம். ஒரு ட்யூப்பின் மூடியை இன்னொன்றுக்கு மாற்றிப் போட்டால், இரண்டும் ஒட்டி இறுகிவிடும். மார்க்கரால் ட்யூப்பிலும் அதன் மூடியிலும் ஒரே அடையாளம் போடுங்கள், ஒன்றுக்கு ஒரு கோடு, மற்றதற்கு இரண்டு கோடு. எடுக்கும் குச்சியும் தனித்தனியாக இருக்கட்டும். உருண்டைகளைத் தனித்தனிப் பிளாஸ்டிக் தாளில் சுற்றுங்கள். ரெசின் ட்யூப்பில் சர்க்கரை மாதிரி மணி கட்டினால் தூக்கிப் போடாதீர்கள், அது கெடவில்லை. மூடியை இறுக்கி, கை பொறுக்கும் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் நிற்க வைத்தால் மறுபடி தெளிந்துவிடும். கலந்த பிறகு மிஞ்சியதை மட்டும் எந்த வழியிலும் காப்பாற்ற முடியாது. வேண்டிய அளவு மட்டும் கலக்குங்கள்.

இப்போது எங்கே வைப்பது என்பது. ஒரு எவர்சில்வர் டப்பாவோ பிளாஸ்டிக் டப்பாவோ, மூடி இறுக்கமாக இருந்தால் சரி. வெளியே பெரிய எழுத்தில் "பசை" என்று எழுதுங்கள். கண் சரியாகத் தெரியாதவருக்கும் தெரிகிற அளவுக்கு எழுதுங்கள். ஹாலில் இருக்கும் அலமாரியில், குழந்தைக்கு எட்டாத மேல் தட்டு நல்ல இடம். பரண் வேண்டாம். மேல் மாடிக்காரர்களுக்கு மொட்டை மாடிச் சூடு நேராகப் பரணில்தான் இறங்கும். சிங்க்குக்குக் கீழே வேண்டாம், அங்கே எப்போதும் ஈரம். பாத்ரூம் அலமாரி வேண்டாம். மருந்து இருக்கும் தட்டும் பசை இருக்கும் தட்டும் ஒரே அறையில்கூட இருக்க வேண்டாம் என்பேன். தின்னர் வகை டின்னைத் தனியாக, அடுப்பு, விளக்கு, இன்வெர்ட்டர் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள்.

திறந்த அன்றைக்கே தேதியை ஒரு சின்ன டேப்பில் எழுதி ஒட்டுங்கள். இதே பழக்கத்தைச் சொட்டு மருந்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கண் சொட்டு மருந்துகளைத் திறந்து ஒரு மாதத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும் என்று சீட்டிலேயே இருக்கும். அப்புறம், யாருக்குச் சொட்டு மருந்து போட்டாலும் விளக்கைப் போட்டு, பாட்டிலின் பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டுப் போடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் சட்டம்.

தப்பித் தவறிப் பசை கண்ணில் பட்டுவிட்டால் என்ன செய்வது? கண்ணைக் கசக்கக் கூடாது. ஒட்டிய இமையைப் பிரிக்க முயற்சி செய்யக் கூடாது. வெதுவெதுப்பான சுத்தமான தண்ணீரை மெல்ல ஊற்றிக் கால் மணி நேரம் கழுவுங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில்கூடக் கொண்டு போகாதீர்கள். ஈரமான சுத்தத் துணியால் மூடி, உடனே கண் மருத்துவரிடம் போங்கள். வண்டி இல்லையென்றால் 108. பாட்டிலையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள், என்ன பசை என்று டாக்டர் பார்க்க வேண்டும். விரல் ஒட்டிக்கொண்டால் அவ்வளவு பயம் வேண்டாம். சோப்பு கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்து, மெல்ல உருட்டிப் பிரியுங்கள். பிய்த்து இழுக்காதீர்கள், தோல் வந்துவிடும்.

பேசி முடித்ததும் மூன்று கேள்விகள் வந்தன. அவற்றையும் இங்கே சேர்த்துவிடுகிறேன்.

"வெள்ளைப் பசையையாவது ஃப்ரீசரில் வைக்கலாமா?" என்று ஏ பிளாக் மாமி கேட்டார். கூடாது. தண்ணீர் உறைந்தால் துகள்கள் திரண்டு, உருகிய பிறகு பால் திரிந்தது போலாகிவிடும். அதற்கு நிழலான அலமாரியே போதும்.

"காய்ந்து போனதை எந்தக் குப்பையில் போடுவது?" என்று ஒரு தம்பி கேட்டார். முழுவதும் இறுகிய வெள்ளைப் பசை உலர் குப்பை. பாதி மிஞ்சிய தின்னர் வகை டின் அப்படியில்லை. பெயிண்ட் டின், பழைய பேட்டரி, காலாவதியான மருந்து இவற்றையெல்லாம் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டு அபாயக் கழிவு என்று தனி வகையாக வைத்தன. இந்த டின்னையும் அவற்றோடு தனியாகக் கட்டி, இன்னது என்று சொல்லிக் கொடுங்கள். நம் குப்பை எடுக்க வரும் அம்மா வெறும் கையால் பிரிக்கிறார். எந்தப் பசையையும் சிங்க்கில் ஊற்றாதீர்கள். அடைப்பு உங்கள் வீட்டோடு நிற்காது, கீழ் வீட்டுக்கும் போகும்.

"கொலு பொம்மைக்கு எந்தப் பசை நல்லது?" என்பது மூன்றாவது. களிமண், காகிதக் கூழ் பொம்மை என்றால் வெள்ளைப் பசை போதும். ஒட்டிவிட்டு நூலால் கட்டி ஒரு நாள் முழுக்க விட வேண்டும். கனமான பொம்மையின் கழுத்துக்கு இரட்டை ட்யூப். உடனடிப் பசை சுரசுரப்பான மண்ணில் உறிஞ்சப்பட்டுப் போகும், அவ்வளவாகப் பிடிக்காது.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு யோசனை. நமக்கு ஒரு வருடத்தில் எத்தனை தடவை பசை தேவைப்படும்? நாலு தடவையோ ஐந்து தடவையோ. அதற்கு வீட்டுக்கு வீடு நாலு வகை வாங்கி, நாலையும் காய வைக்கிறோம். சங்க அலுவலகத்தில் ஒரே ஒரு பொதுப் பசை டப்பா வைப்போம். நாலு வகையிலும் ஒவ்வொன்று, ஒவ்வொன்றிலும் திறந்த தேதி. வேண்டியவர் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போய், அன்று சாயங்காலமே திருப்பித் தரலாம். அடிக்கடி பயன்பட்டால் காய்வதற்கு முன்பே தீர்ந்துவிடும். வீட்டில் பசையே இல்லாவிட்டால், இருட்டில் கை மாறிப் போகவும் வழியில்லை. டப்பாவை நான் வாங்கித் தருகிறேன், பராமரிப்பும் என் பொறுப்பு. செயலாளர் சார் ஒரு தட்டு ஒதுக்கிக் கொடுத்தால் போதும்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். இழுப்பறையை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து, மேல் தட்டில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கை உடைந்த பொம்மைகளை இந்த வாரத்துக்குள் கொண்டு வந்துவிடுங்கள். பசை என்னிடம் இருக்கிறது, காயவில்லை.